இரண்டடி

கேஸ் கட்டின் பின்பக்கங்களில்தான் வரைகிறேன்.
புலப்பட நகல், பட்டா நகல், அடங்கல் நகல்.
வக்கீல் ஒன்று கேட்டால் கலியமூர்த்தி எட்டு எடுப்பார்.
முன்பக்கம் கெடாதவரை அவருக்குப் புகார் இல்லை.
மகன் விட்டுப்போன பன்னிரண்டு நிற டப்பா.
அதில் வெள்ளை மட்டும் எப்போதோ தீர்ந்திருந்தது.

எனக்கு நானே போட்டுக்கொண்ட சட்டம் ஒன்று உண்டு:
எங்கள் கொல்லையில் இருப்பதை மட்டும்.
வெண்ணாற்றின் அக்கரை நாணலில் நிற்கும் நாரை வேண்டாம்.
காலண்டர் மயில் வேண்டாம்.
கண்ணால் காணாத இறகு ஒன்றுகூட வேண்டாம்.

பூசணிப்பூ சுலபம் என்று நினைத்தேன்.
நான் மஞ்சளைக் குழைத்து முடிப்பதற்குள்
அது வாயை மூடிக்கொண்டது.
நாலு காலை ஆயிற்று ஒரு பூவுக்கு.
கத்தரிப்பூவுக்குக் கத்தரிப்பூ நிறம் பொருந்தவில்லை;
டப்பாவில் இருப்பது புடவைக்கடைக் கத்தரிப்பூ.
நந்தியாவட்டைக்கு வெள்ளைக்கு எங்கே போவேன்?
சுற்றிலும் இலைகளை வரைந்து
நடுவில் இடம் விட்டேன்.
தாளே பூத்துக்கொண்டது.

துவைக்கிற கல்லைச் சுற்றித் தவிட்டுக்குருவிகள்.
ஏழு என்று எண்ணினால் எட்டாவது கத்தும்.
தூரிகை கழுவிய தண்ணீரே போதுமாயிருந்தது
அத்தனைக்கும்.

மீன்கொத்தியில்தான் வில்லங்கம்.
அது மதில்மேல் உட்காரும்.
மதில் யாருடையது என்பதுதான் கேஸ்.
அதற்கு அப்பால் இரண்டடி எங்களது என்கிறோம் நாங்கள்.
இப்பால் இரண்டடி தங்களது என்கிறார்கள் அவர்கள்.
அவர்கள் வாழையடிப் பள்ளத்தில் தவளை உண்டு.
அதனால் அது எந்நேரமும் அந்தப் பக்கமே பார்த்திருக்கும்.
எனக்கு வாய்த்தது முதுகு.
மயில்துத்தம் கரைத்த நீலத்தில்
ஆறு தாள், ஆறு முதுகு.
வரிசையாகக் காயவைத்தபோது
ஆறு பேர் என்னோடு பேச்சை நிறுத்தியது மாதிரி இருந்தது.

ஏழாவதாக ஒருத்தி இருக்கிறாள், வனரோஜா.
நாலு வருஷமாகப் பேச்சில்லை.
எங்கள் முருங்கை அவர்கள் பக்கம் பூ உதிர்க்கும்.
அழுத்திப் பெருக்குவாள்,
எனக்குக் கேட்கவேண்டிய அளவுக்கு.

போன வாரக் காற்றில் ஒரு முதுகு
மதிலைத் தாண்டிப் போய்விட்டது.
பெருக்குகிற சத்தம் நடுவில் நின்றது.
தாள் திரும்பி வரவில்லை.

நேற்று, மழை விட்ட மத்தியானம்.
அடுத்த முதுகைத் தொடங்கியிருந்தேன்.
மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு குரல்,
வாழையிடம் சொல்வதுபோல:
“கழுத்துல கட்சிக்காரன் துண்டு மாதிரி வெள்ளை.
வயிறு வறுத்த காப்பிக்கொட்டை.
மூக்கு, வெத்தலை போட்ட சிவப்பு.”

நான் வாய் திறக்கவில்லை.
தூரிகையைத் தண்ணீரில் முக்கி
டம்ளர் விளிம்பில் தட்டினேன்,
கொஞ்சம் பலமாகவே.

கேள்விச் சாட்சி செல்லாது என்பார் வக்கீல்.
என் சட்டப்படியும் செல்லாது.
ஆனாலும் தாளைத் திருப்பிவைத்து
அவள் பார்க்கிற மீன்கொத்தியை வரைந்தேன்,
அவள் நிற்கிற இடத்திலிருந்து.
துண்டுக்கு மட்டும் தாளை அப்படியே விட்டேன்.
ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால்
அந்த வெள்ளை வழியாகப் பின்பக்கத்துப் புலப்படம் தெரிகிறது.
எல்லைக்கோடு கழுத்தில் நுழைந்து
வயிற்றுக் காப்பிக்கொட்டையில் காணாமல் போகிறது.

புதன்கிழமை மன்னார்குடியில் வாய்தா.
கலியமூர்த்தி நகல்களை எண்ணிப் பைக்குள் வைக்கிறார்.
ஒன்று குறைகிறதே என்கிறார்.
காற்று என்றேன்.
ஈரம் காயாத ஒன்றை மட்டும்
அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.
மற்றதெல்லாம் போகட்டும்.
கோர்ட்டில் யாராவது தாளைத் திருப்பினால்
பூசணிப்பூ இருக்கும்,
இந்தத் தடவை வாயைத் திறந்தபடி.